மடிக்கும் போனும் ‘ஏஐ’ ஸ்ரிக்கரும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிக்கும் போனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு ஒரு பிணைச்சலுக்கும் ஒரு மெல்லிய திரைக்கும் போகிறது. ‘ஏஐ போன்’ (செயற்கை நுண்ணறிவு உள்ள போன்) என்று கூடுதலாகக் கேட்கும் காசு எதற்குப் போகிறது என்பதைக் கடைக்காரராலேயே பல நேரம் சொல்ல முடிவதில்லை. இரண்டையும் பற்றி இங்குள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில்கள் கீழே.

எத்தனை தரம் மடித்தால் உடையும்?

மடித்ததால் மட்டும் உடைவது குறைவு. சாம்சங் தன் ஃபோல்ட் வரிசைக்கு நெடுங்காலம் சொன்ன கணக்கு 2,00,000 மடிப்பு. 2025இல் வந்த ஃபோல்ட் 7க்கு 5,00,000. ஒரு நாளைக்கு 100 தரம் திறந்து மூடினாலும் முதற்கணக்கே ஐந்தரை வருடம் வரும். ஆனால் இது ஆய்வுகூடத்தில் இயந்திரம் ஒன்று ஒரே சீராக, மணலோ வியர்வையோ படாமல் மடித்துப் பார்த்த கணக்கு. சேர்விஸுக்கு வரும் போன்களின் கதை வேறு: பிணைச்சலுக்குள் துகள், உள்திரையில் நகக்கீறல், மூடும்போது இடையில் அகப்பட்ட ஒரு சிம் ஊசி.

உள்திரை கண்ணாடியா, பிளாஸ்ரிக்கா?

இரண்டும். 2019இன் முதல் கலக்ஸி ஃபோல்டில் மேற்பரப்பு முழுக்க பிளாஸ்ரிக். விமர்சனத்துக்குக் கொடுத்த போன்களில் மேற்படலத்தைச் சிலர் சாதாரண ஸ்கிரீன் காட் என்று நினைத்து உரித்தார்கள், திரை செத்தது. வேறு சிலவற்றில் பிணைச்சல் வழியே துகள் போனது. ஏப்ரலில் வர இருந்த போன் செப்டெம்பருக்குத் தள்ளிப்போனது. 2020இன் இசட் ஃபிளிப்பிலிருந்து மிக மெல்லிய கண்ணாடி போடுகிறார்கள். தடிப்பு ஏறக்குறைய 30 மைக்ரோமீற்றர், தலைமுடியிலும் மெல்லியது. அதன் மேல் மறுபடியும் பிளாஸ்ரிக் படலம் உண்டு. விரல் தொடுவது அந்தப் படலத்தைத்தான்.

ஆகவே ‘கண்ணாடித் திரை’ என்று பெட்டியில் இருந்தாலும் கீறல் விழும் கணக்கு பிளாஸ்ரிக்குக்கு உரியது. மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) சாதாரண போன் கண்ணாடி 6இல் கீறத் தொடங்கும். மடிக்கும் உள்திரை 2 அல்லது 3இலேயே. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7.

யாழ்ப்பாணத்துப் புழுதிக்கும் மணலுக்கும் தாக்குப்பிடிக்குமா?

வாங்க முதல் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான். பெட்டியில் ‘ஐபி’ என்ற குறியோடு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சாம்சங்கின் ஃபோல்ட் 6, ஃபோல்ட் 7 இரண்டும் ஐபி48. அந்த 4 சொல்வது, 1 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துகள் உள்ளே போகாது என்பதை மட்டும். கடற்கரை மணலில் பெரும்பகுதி அதைவிடச் சிறியது. கோண்டாவில், இணுவில் பக்கத்துச் செம்மண் தூள் அதைவிடவும் நுண்ணியது. 2021 முதல் 2023 வரை வந்த சாம்சங் ஃபோல்ட்களில் ‘ஐபிஎக்ஸ்8’ என்றிருக்கும். தூசுக்குச் சோதனை முடிவே சொல்லப்படவில்லை என்பதுதான் அந்த எக்ஸ். தூசுக்கு முழுமையான 6 வாங்கிய முதல் மடிக்கும் போன்களில் ஒன்று 2025இன் கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்ட். ஐபி68. இங்கே அது பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம் வருவதுதான்.

உள்ளே போன துகள் இரண்டு வேலை செய்யும். பிணைச்சலின் பற்களுக்குள் இருந்தால் திறக்கும்போது கரகர என்று சத்தம் வரும், நாளடைவில் போன் 180 பாகைக்குத் தட்டையாக விரியாது. திரைக்கு அடியில் போனால் மோசம்: வெளியே ஒரு சின்னப் புடைப்புத் தெரியும், மூடும் ஒவ்வொரு தரமும் அந்த இடம் அழுத்தப்படும், பிறகு அங்கிருந்து ஒரு கறுப்புப் பொட்டு பரவும். அந்தப் பொட்டுக்கு மருந்தில்லை, உள்திரையையே மாற்ற வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: சோளகம் வீசும் மாதங்களில் மோட்டார்சைக்கிளில் போகும்போது போன் தனிப் பையில் இருக்கட்டும், திறப்போடும் சில்லறையோடும் ஒரே பொக்கற்றில் வேண்டாம். கசூரினா கடற்கரையில் திறக்கவே வேண்டாம். படம் எடுக்க வெளித்திரை போதும். நல்லூர்த் திருவிழாவுக்குச் சேர்ட் கழற்றி வேட்டி மடிப்பில் போனைச் செருகுபவர்கள் அந்த 25 நாளும் பழைய போனைக் கொண்டு போகலாம். வீதி மணலும் வியர்வையும் ஒன்றாகச் சேர்வதை எந்தப் பிணைச்சலும் விரும்பாது.

துடைக்கும்போது: முதலில் போனைப் பாதி திறந்து கவிழ்த்துப் பிடித்து, மென்மையான தூரிகையால் மடிப்புக் கோட்டின் நீளவாக்கில் தட்டிவிடுங்கள். அதன் பிறகுதான் மைக்ரோபைபர் துணி. மணல் இருக்கும்போது துணியால் தேய்த்தால் உப்புத்தாள் பிடித்த மாதிரி. அழுத்தக் காற்று அடிக்கும் டப்பாவைப் பிணைச்சலுக்குள் நீட்டக் கூடாது. வெளியே வர வேண்டியதை அது உள்ளே தள்ளும்.

உள்திரைப் படலம் நடுவில் கிளம்புது. உரித்துவிடலாமா?

உரிக்காதீர்கள். மடிப்புக் கோட்டில் பசை களைத்துப்போவதால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் இது பல போன்களில் வரும். வெயில் இதைக் கெதிப்படுத்தும். போன்கள் இயங்கச் சொல்லப்பட்ட சூழல் வெப்பநிலை பொதுவாக 0 முதல் 35 பாகை. சித்திரை, வைகாசியில் பூட்டிய காருக்குள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

குமிழ் தெரிந்த அன்றே மடிப்பதைக் குறைத்து, அங்கீகரித்த சேர்விஸ் சென்ரரில் படலத்தை மட்டும் மாற்றக் கேளுங்கள். இது திரை மாற்றுவதல்ல, செலவு மிகக் குறைவு. ‘நாங்களே ஒட்டித் தாறம்’ என்னும் கடைகளில் இரண்டு ஆபத்து: பழையதைச் சூடாக்கி இழுக்கும்போது கீழுள்ள கண்ணாடி வெடிப்பது, புதியதை அட்டையால் அழுத்தித் தேய்க்கும்போது நடுப்பகுதி நசிவது. ரெம்பர்ட் கிளாஸ் உள்திரைக்கு ஒருபோதும் வேண்டாம். அது மடியாது, போன் முழுதாக மூடவும் விடாது. வெளித்திரைக்குத் தாராளமாக ஒட்டலாம்.

மழையில் நனைந்தால்? கடல் தண்ணீர் பட்டால்?

ஐப்பசி, கார்த்திகை மழை பிரச்சினையில்லை. மேலே சொன்ன இரண்டாவது இலக்கமான 8 நன்னீரில் சோதித்தது. இலத்திரனியல் பகுதிகளுக்கு அடைப்பு உண்டு; பிணைச்சலுக்குள் தண்ணீர் போய் வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் அங்கே காய்ந்தால் உப்பு தங்கி உலோகம் அரிக்கும்.

குறிகட்டுவானில் படகேறும்போது அலை தெறித்தால்: போனை நிறுத்துங்கள். போத்தல் தண்ணீரால் பிணைச்சல் பக்கத்தைக் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து வருவது, காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும், அதைத் தவிருங்கள். பாதி திறந்து நிறுத்தி, மின்விசிறிக்கு முன் ஒரு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் வருவது அரிசித் தூள் மட்டுமே. தலைமுடி உலர்த்தி பசையை இளக்கும். சார்ஜ் போடுவது எல்லாவற்றுக்கும் பிறகு.

நடுக்கோடு தெரியுமா?

தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் எல்லாவற்றிலும் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். ஒரு கிழமையில் கண் பழகிவிடும். இதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் நல்லது?

பெரிய திரையில் உண்மையாக வேலை உள்ளவருக்கு. வரைபடம் பார்க்கும் நில அளவையாளர், கணக்குத் தாள்களைப் பயணத்தில் பார்ப்பவர், இரண்டு செயலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொழிபெயர்ப்பவர். யூடியூப் பார்க்க மட்டுமென்றால் வேண்டாம்: உள்திரை ஏறக்குறையச் சதுரம், படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் கூடும்.

அதே காசுக்கு எதை விடுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2025இல் ஃபோல்ட் 7 அமெரிக்காவில் 1,999 டொலருக்கு வந்தது. பற்றரி 4,400 மில்லியம்பியர்-மணி, சார்ஜ் 25 வாட். அதே வருடத்தில் வந்த சாம்சங்கின் தட்டைப் போன் எஸ்25 அல்ட்ரா 1,299 டொலர், 5,000 மில்லியம்பியர்-மணி, 45 வாட். தொலைப்படக் கமராவும் அதில்தான் சிறந்தது. முன்னைய ஃபோல்ட்களில் வேலைசெய்த பேனாவையும் ஃபோல்ட் 7இல் எடுத்துவிட்டார்கள். மெலிவுக்குக் கொடுத்த விலை அது: 2019இல் 276 கிராம் இருந்த போன் 215 கிராமுக்கு வந்திருக்கிறது. நல்ல பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் ஐந்து வருடம் ஓட வேண்டும் என்றால் எங்கள் அபிப்பிராயம் தட்டைப் போன்தான்.

கனடாவில் இருந்து மாமா கொண்டு வாறார். எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

நான்கு விஷயம். ஒன்று, பூட்டு: ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலைசெய்யும்படி அடைத்திருப்பது. கனடாவில் 2017 டிசெம்பரில் இருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசெம்பரில் இருந்தும் போன்களைப் பூட்டி விற்கத் தடை. அமெரிக்காவில் அப்படியில்லை, தவணைப் போன் பூட்டியிருக்கலாம். இரண்டு, சிம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் தட்டே இல்லை, இ-சிம் மட்டும். மூன்று, உத்தரவாதம்: வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதே வழமை. மடிக்கும் போனுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் உள்திரை மாற்றப் பல நூறு டொலர் போகும். யாழ்ப்பாணத்திலேயே மாற்றுவார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, எத்தனை நாள் என்பதை வாங்க முதலே சேர்விஸ் சென்ரரில் கேட்டு வையுங்கள்.

நான்கு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவு. *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். ஐ-எம்-ஈ-ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம் எனத் தட்டி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவு நிலை தெரியும். கடையில் வாங்குபவர்களும் காசு கொடுக்க முதல் இதைச் செய்ய வேண்டும்.

ஹூவாவி மடிக்கும் போன்கள் வடிவானவை. 2019க்குப் பிறகு வந்தவற்றில் கூகுள் சேவைகள் இல்லை என்பதை மாமாவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

பாவித்த மடிக்கும் போன் வாங்கலாமா?

பாதி விலைக்குக் குறைவாக, கையில் வைத்துப் பார்த்து வாங்கலாம். பார்க்கும் முறை: வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு பச்சைப் படம் போடுங்கள், மடிப்பை ஒட்டி மெல்லிய கோடு இருந்தால் திரும்பிவிடுங்கள். சாம்சங்கில் *#0*# அடித்தால் இந்த நிறச் சோதனைகள் வரும். வரையும் செயலி ஒன்றைத் திறந்து விரலை மடிப்பைக் கடந்து பல தரம் இழுங்கள். கோடு அறுந்தால் தொடுபடை போகிறது. மேசையில் வைத்துத் தட்டையாக விரிகிறதா என்று பாருங்கள். 45, 90, 120 பாகையில் விட்டால் நிற்க வேண்டும். தானாக விழுந்தால் பிணைச்சல் தளர்ந்துவிட்டது. கால் மணித்தியாலம் காணொளி ஓடவிட்டு, சூடான பிறகு எல்லாவற்றையும் இன்னொரு தரம். கடைசியாக, விற்பவரின் கூகுள் கணக்கை உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள்.

‘ஏஐ போன்’ என்றால் மற்றப் போனில் இல்லாத என்ன இருக்கிறது?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கடையில் போனை விமானப் பயண நிலையில் போட்டுவிட்டு, விற்பவர் காட்டும் ஒவ்வொரு ஏஐ வசதியையும் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். இயங்குவது போனின் சிப்பில் நடக்கிறது. இயங்காதது தொலைவில் உள்ள தரவு மையத்தில் நடக்கிறது. படத்தைத் தெளிவாக்குவது, பேச்சை எழுத்தாக்குவதில் சில மொழிகள், சிறு சுருக்கங்கள் முதல் வகை. நீண்ட உரையாடல், கட்டுரை எழுதுவது, படம் உருவாக்குவதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அவற்றுக்குத் தேவை போன் அல்ல, இணையம்.

கேள்விக்குப் பதில் தரும் ஏஐ செயலிகளான சாட்ஜிபிடியோ கூகுளின் ஜெமினியோ 4 ஜிபி ராம் உள்ள மலிவான போனிலும் அதே பதிலைத்தான் தரும். போனுக்குள்ளேயே ஓடும் வசதிகளுக்கு மட்டும் ராம் வேண்டும். ஐபோன்களின் ஏஐ வசதிகளான ஆப்பிள் இன்டெலிஜென்ஸுக்கு 8 ஜிபி உள்ள 15 புரோவே தொடக்கம்.

அப்போ ஏஐக்காகப் புதுப் போன் எடுக்க வேண்டாமா?

வேண்டாம். பற்றரி போய்விட்டது, பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, கமரா போதவில்லை: இவை காரணங்கள். விளம்பரத்தில் வந்த வசதி கைக்கு வரும் என்ற நம்பிக்கை காரணமல்ல. ஆப்பிள் 2024 ஜூனில் காட்டிய புதிய குரல் உதவியாளரான சிரியை 2025 மார்ச்சில் தள்ளிவைத்தது. சட்டையில் குத்தும் ஹியூமேன் ஏஐ பின் 2024 ஏப்ரலில் 699 டொலருக்கு வந்து, 2025 பெப்ரவரியோடு சேவை நிறுத்தப்பட்டது. காசு கொடுத்தவர்களின் கையில் மிஞ்சியது பேசாத ஒரு துண்டு. சாம்சங் போன்களின் ஏஐ வசதிகளான கலக்ஸி ஏஐ வந்தபோது அடிக்குறிப்பில் ‘2025 முடிவு வரை இலவசம்’ என்றிருந்தது. அடிக்குறிப்பை வாசியுங்கள், தலைப்பைப் பிறகு பார்க்கலாம்.

தமிழில் எவ்வளவு விளங்கும்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது இருந்ததைவிட இப்போது எவ்வளவோ மேல். இப்படியான ஏஐ மென்பொருள்கள் எழுத்தைத் துண்டு துண்டாக்கி வாசிக்கின்றன; துண்டு கூடினால் வேகம் குறையும், செலவு கூடும், இலவச எல்லை கெதியாக முடியும். தமிழ் நெடுங்காலம் மிகச் சிறிய துண்டுகளாக நொறுக்கப்பட்டது. 2024 மேயில் சாட்ஜிபிடியின் புதிய பதிப்பான ஜிபிடி-4ஓ வந்தபோது அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாக இருந்த தமிழ் வாக்கியம் 35 ஆகக் குறைந்தது. ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவில் வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. மாறாக, கலக்ஸி ஏஐ அந்த வருடம் ஜனவரியில் 13 மொழிகளோடு வந்தது. இந்தி இருந்தது, தமிழ் இல்லை. வாங்க முதல் தமிழில் ஒரு அழைப்பை மொழிபெயர்த்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கத்தைப் பேச்சு இன்னொரு சிக்கல். ‘பேந்து வாறன் எண்டு சொன்னவர்’ என்று கதைத்தால் எழுத்து கோணும். அம்மம்மாவுக்குப் பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் போட்டுக் கொடுப்பதென்றால் மெதுவாக, எழுத்துத் தமிழுக்குக் கிட்டக் கதைக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளை பாடத்துக்குப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் கலைச்சொல்லில் கவனம். தமிழ் இணையத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டு எழுத்து. ஏஐ அதையே பிடிக்கும். எங்கள் பாடப்புத்தகத்தில் கதி, வேகம், ஆர்முடுகல். தமிழ்நாட்டில் அதே வரிசை வேகம், திசைவேகம், முடுக்கம். ‘வேகம்’ இரண்டிலும் உண்டு, பொருள் வேறு: அங்கே திசையற்றது, இங்கே திசையுள்ளது. பௌதிகவியல் விடைத்தாளில் இது புள்ளியைத் தின்னும். ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கையாக வருவதும், ஒட்சிசன் ஆக்ஸிஜனாக வருவதும் குறைந்த ஆபத்து.

வழி இதுதான்: பாடப்புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, ‘இந்தப் பக்கத்தில் உள்ள சொற்களை மட்டும் பாவித்து விளக்கு’ என்று கேட்க வேண்டும். கணக்கென்றால் விடையைக் கேட்காமல், பிள்ளை செய்த படிகளைக் கொடுத்து எங்கே பிழை என்று கேட்பது நல்லது. வந்த பதிலைக் கையால் ஒரு தரம் போட்டுப் பார்க்காமல் கொப்பியில் எழுத வேண்டாம்.

காணி, கடித வேலைகளுக்கு?

பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் நன்றாக எழுதும். பெயர், திகதி, உறுதி இலக்கம் ஆகியவற்றை வெற்றிடமாக விட்டு எழுதச் சொல்லி, நீங்களே கையால் நிரப்புங்கள். இல்லாவிட்டால் அது தானாக ஒன்றைப் போடும், அதுவும் உண்மைபோலவே இருக்கும்.

காணிக் கணக்கில் நம்ப வேண்டாம். ‘பரப்பு’ என்ற எங்கள் காணி அளவில் கேட்டால் பல தரம் தமிழ்நாட்டின் ‘சென்ட்’ கணக்குக்குத் தாவும். 16 பரப்பு ஓர் ஏக்கர், 1 பரப்பு 2,722.5 சதுர அடி. 4 பரப்பு 10,890. ஏஐ சொல்வது இதோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை பற்றிக் கேட்டால் இன்னும் கவனம். பங்குக் காணியை விற்கும்போது பங்காளிக்குள்ள முதல் உரிமையை மறந்து பொதுச் சட்டத்தைச் சொல்லிவிடலாம். நொத்தாரிசிடம் போக முதல் கேள்விகளைத் தயார்செய்ய அது உதவும், அவருக்குப் பதிலாக அல்ல. அடையாள அட்டையையும் உறுதியையும் படம் எடுத்து ஏற்றவே வேண்டாம்.

மருந்து, கிருமிநாசினி அளவு கேட்கலாமா?

கூடாது. வெங்காயத்துக்கு அடிக்கும் அளவை விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலோ கேளுங்கள்.

லண்டனில் உள்ள அண்ணாவின் குரலில் காசு கேட்டு அழைப்பு வந்தது. போலியா?

போலியாக இருக்கலாம். குரலைப் போலச்செய்ய வட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு சிறு குரல்பதிவு போதும். குரலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அழைப்பை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள அவருடைய இலக்கத்துக்கு நீங்கள் எடுங்கள். எடுக்காவிட்டால் அண்ணியிடம் கேளுங்கள். ‘ஒருவருக்கும் சொல்லாதே, இப்பவே போடு’ என்பது எப்போதும் கெட்ட அறிகுறி.

வீட்டுக்குள் ஒரு கேள்வியையும் பதிலையும் பேசி வைப்பது நல்லது. முகநூலில் இல்லாத விஷயமாக இருக்கட்டும். கூடவே வட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு என்று போய் 6 இலக்கக் குறி ஒன்றைப் போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கம் வேறு. அதை அண்ணாவே கேட்டாலும் சொல்லக் கூடாது, ஏனென்றால் அண்ணாவின் கணக்கைப் பறித்தவரே அப்படிக் கேட்டிருக்கலாம்.